தணிப்பானில் உட்காராத நாள்

“சோறு எறங்கல மேகலா. நம்ம ஆளுங்களையே அடிச்சிட்டு வந்திருக்கேன்.”

“எறங்கலன்னா விடுங்க. எறங்குச்சுன்னாத்தான் நான் பயப்படணும்.”

கல்யாணமான புதிதில், பதினோரு ஆண்டுகளுக்கு முன் பேசிய பேச்சு. இன்று பூபாலன் இரண்டாம் முறை சோறு கேட்டபோது மேகலாவுக்கு அது நினைவில் வந்தது.

“மறியல்ல துரைசிங்கம் கைய ஒடச்சிட்டேன்,” என்றான் சாதாரணமாக. “குழம்புல உப்பு கம்மி.”

துரைசிங்கம் அவனுடைய அத்தை மகன். காவலர் தேர்வுக்காக இருவரும் ஏரிக்கரையில் ஒன்றாக ஓடியவர்கள். பூபாலன் தேறினான், துரைசிங்கம் உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்து தவறினான். தங்கள் கீழ்வேட்டூர் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு இன்று சாலையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

காவல் நிலையங்களுக்கு மனத்தணிப்பான் வந்து ஒன்பது ஆண்டுகள். நெற்றியில் பட்டையைக் கட்டி நாற்காலியில் சாய்ந்தால் இருபது நிமிடம். நடந்தது நினைவிருக்கும், அதன் வலி மட்டும் கரைந்துவிடும். திரும்பி வராதிருக்க ஏழு நாள் தொடர்ந்து உட்கார வேண்டும். அது வந்தபின் காவலர் தற்கொலைகள் நின்றன. அதற்காகக் கோயிலில் விளக்கேற்றியவள்தான் மேகலா.

எவ்வளவு வலி கரைந்தது என்பதைக் கருவி ஓர் எண்ணாகக் காட்டும். எண் உயர்ந்தவர்கள் சீக்கிரம் தேறுகிறவர்கள் என்று முடிவுசெய்த துறை, தடியடிக்கு அவர்களையே முதல் வரிசையில் நிறுத்தியது. சொந்த சனத்தை அடித்தவனுக்குத்தான் கரைக்க அதிகம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலனியிலிருந்து வந்த பூபாலன் உட்பட நான்கு காவலர்களே எப்போதும் பட்டியலின் உச்சியில் இருந்தார்கள்.

“வியாழக்கிழமை மறுபடியும் அங்கதான். பந்தலப் பிரிக்கணும். நான்தான் முன்னாடி.”

“ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலயா?”

“அடிக்கிறப்ப தோணுச்சு. இன்ஸ்பெக்டரம்மாகிட்ட ஒண்ணு கேட்டுடணும்னு. ஒவ்வொரு தடவயும் தோணும். நாற்காலிய விட்டு எந்திரிச்சா அவசியமாப் படாது.”

மேகலா அவன் தட்டை நகர்த்திவிட்டுக் கையைப் பிடித்தாள்.

“நாளைக்கு அதுல உக்காராம வாங்க. ஒரே ஒரு நாள். நான் பக்கத்துலயே இருக்கேன்.”

மறுநாள் மாலை, பிசைந்த சோற்றோடு அவன் கை பாதியில் நின்றது.

“எலும்பு ஒடஞ்ச சத்தம் கேக்குது மேகலா. அடிக்கிறப்ப அவன் என்னப் பேரச் சொல்லிக் கூப்ட்டான்.”

ஒன்பது ஆண்டுகளில் மிச்சம் வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததுபோல் அழுதான். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சோறு காய்ந்துபோயிற்று. அவளுக்குப் பயம் போயிருந்தது.

வியாழன் காலை அணிவகுப்பில் இன்ஸ்பெக்டர் அவனருகே நின்றார்.

“என்ன பூபாலன், நேத்து தணிப்பான்ல உக்காரலயாமே? கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு பாருங்க. போய் உக்காந்துட்டு வாங்க, வண்டி நிக்கும். இருபது நிமிஷந்தானே?”

மற்ற மூவரும் அவனைப் பார்த்தார்கள். நேற்று உட்கார்ந்தவர்கள், முகங்கள் அமைதியாக இருந்தன.

“வேணாம்மா. உக்காந்தா, கேக்க வந்தத கேக்கத் தோணாது.”

“என்ன கேக்கணும்?”

அவன் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தான்.

“எங்க ஊருக்கு எங்களையே அனுப்பாதீங்கம்மா.”