மூன்று நகக் கீறல்

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் செத்துப்போனது தெரியாமல் மூன்று பேரும் அவனோடு வெகுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இடம், புத்தகக்கடையின் மாடி. பௌர்ணமிதோறும் அங்கே ஓநாய் மனிதன் தொடர்கதையின் ரசிகர்கள் கூடுவார்கள்; கடைக்காரர், ஒரு பல் டாக்டர், ஓர் அண்ணன், அவன் தங்கை என நாலு பேர். ஓநாயாக மாறியபோது செய்த கொலைக்கு, விடிந்ததும் மனிதனாகிவிடுகிறவன் பொறுப்பா? அதுதான் அவர்களுடைய தீராத வழக்கு. கதையில் அவன் பௌர்ணமியன்று தன்னைப் பூட்டிக்கொள்வான் என்பதால், இவர்களும் ஒருவரைப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி எதிர்க்கட்சியிடம் இருக்கும். உள்ளே இருப்பவர் பேசக்கூடாது; உறுமலாம். கழுதை வயதில் இதென்ன விளையாட்டு என்று கேட்பவர்களை அவர்கள் சட்டை செய்வதில்லை.

அன்று உள்ளே இருந்தவன் கார் மெக்கானிக். 'பொறுப்புதான்' கட்சி. சாவி வைத்திருந்தவள் அவன் தங்கை, தையல்காரி. 'மன்னிக்கலாம்' கட்சி. மாலை நாலு மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள் கூட்டத்துக்குத் திரும்பி வந்தாள். உறுமல் கேட்கவில்லை. உள்ளே போனால் அவன் குட்டித்தூக்கம் போடுவது ஊரறிந்த கேலி. பல் டாக்டர் அந்த மௌனத்தையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்.

திறந்தபோது பாயில் விறைத்துக் கிடந்தான். கதவின் உட்புறம் ஆழமாக மூன்று கீறல்கள் இருந்தன. வெளியே வரத் துடித்து, பயத்தில் இதயம் நின்றிருக்கும் என்றார் புத்தகக்கடைக்காரர்.

மறுநாள் காலை பிரேதப் பரிசோதனை வேறு சொன்னது. தூங்கியவன் முகத்தில் தலையணையை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அவன் நகக்கண்ணில் ஒரு மரத்தூள்கூட இல்லை.

மாற்றுச் சாவி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஆனாலும் எல்லோர் பார்வையும் தங்கை மேல்தான். முந்தின நாள் அண்ணன் அவளிடம் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. போன வருடம் சைக்கிளில் போன அவள் கணவனை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போனது. இப்போது இவளும் சிறைக்குப் போனால் சின்ன மகளுக்கு யாருமில்லை.

"என்ன சண்டை?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"ஓநாயை மன்னிக்கலாம்னேன். இனிமே அந்தப் பேச்சு உன் வாயில வரக்கூடாதுன்னான். காரணம் திங்கக்கிழமை சொல்றேன்னான்."

இன்ஸ்பெக்டருக்கு உறுத்தியது கீறல்தான். மனிதக் கையென்று காட்ட நினைத்தால் நாலு கோடு போட்டிருக்க வேண்டும். மாடிச்சுவரில் இருந்த கதைப் படத்தில் ஓநாயின் பாதத்துக்கும் நாலு நகங்கள்.

மதியம் பல் டாக்டர் வெளிறிய முகத்தோடு ஸ்டேஷனுக்கு வந்தார். கையில், அன்று காலைதான் விற்பனைக்கு வந்த புதிய பாகம். அதன் முதல் அத்தியாயத்தில் ஓநாய் பொறியில் சிக்கித் தன் விரலொன்றைத் தானே கடித்துத் துண்டித்துக்கொள்கிறது. அதன்பின் அது கீறினால் மூன்று கோடுதான். இன்ஸ்பெக்டர் உடனே கடைக்குப் புத்தகக் கட்டுகள் வந்திறங்கும் லாரி ஆபீசுக்கும், பிறகு மெக்கானிக்கின் பட்டறைக்கும் போனார்.

சாயங்காலத்துக்குள் மூவரையும் அதே மாடியில் உட்காரவைத்தார்.

"ஓநாய்னு நினைச்சுக்கிட்டே கீறியிருக்கீங்க. கை தானா மூணு போட்டுடுச்சு. நேத்து அந்த விஷயம் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்" என்றார் புத்தகக்கடைக்காரரிடம்.

புத்தகக் கட்டை இன்று காலை எல்லோர் முன்னாலும்தான் பிரித்தேன் என்றார் அவர். நேற்றுக் காலையே இரண்டு கட்டு வந்ததென்று லாரி ஆபீசில் சொன்னதை இன்ஸ்பெக்டர் எடுத்துச்சொன்னார்; எல்லோர் முன்னாலும் பிரித்தது ஒன்றைத்தான். பிறகு ஒரு சைக்கிள் மணியின் மூடியை மேசையில் வைத்தார். கடைக்காரரின் வேன் பட்டறையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது. அதன் பம்பருக்குள் சிக்கியிருந்ததை மெக்கானிக் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறான். மூடியில் நகப்பூச்சால் ஒரு குழந்தை வரைந்த பூ இருந்தது.

தையல்காரி அதைக் கையில் எடுத்தாள். அப்பாவின் சைக்கிள் மணியில் மகள் வரைந்த பூ அது.

கடைக்காரர் உடைந்துபோனார். திங்கட்கிழமைக்குள் சரணடையச் சொல்லி மெக்கானிக் கெடு வைத்திருந்தானாம். "அன்னிக்குக் குடிச்சிருந்தேம்மா. நான் நானா இல்ல. ஓநாய் செஞ்சதுக்கு மனுஷனைத் தண்டிக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

அவள் மூடியை மேசையில் திரும்ப வைத்தாள்.

"அன்னிக்கு ஓநாய்னே வச்சுக்குவோம்" என்றாள். "நேத்து, எங்கண்ணன் தூங்கிட்டிருந்தப்போ தலையணையோட உள்ள போனது யாரு?"

பள்ளி விட்டிருக்கும், மகளைக் கூட்டிவர அவள் படியிறங்கிப் போனாள்.