கல்லுக்கடியில் குருகு

"பெட்டியை நீங்களே ஒளிச்சு வைக்கிறீங்க. அப்புறம் அதுக்கு வழியும் நீங்களே எழுதிக் குடுக்கிறீங்க. என்ன கிறுக்கு பிடிச்ச விளையாட்டு இது?"

ஹில்டா லஸ்கோம்பிடம் ஒருமுறை இப்படிக் கேட்டவன் ஜெத்ரோ. இங்கிலாந்தில் டார்ட்மூர் பக்கத்தில் பிறந்தும் ஒரு முத்திரைப் பெட்டியைக்கூடத் தேடிப் போகாதவன். கல்லுக்கடியில் ஒளித்த பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ரப்பர் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொண்டு, பெட்டியை இருந்தபடியே மூடி வைப்பது அந்தப் பக்கத்து விளையாட்டு. ஹில்டா அப்போது போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அந்த ஜெத்ரோ கொலைக் குற்றத்துக்காக லாக்கப்பில் இருந்தான். அவனுடைய அக்கா மெரியல் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹில்டாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் ராய்ஸ்டன் அவள் தோளைப் பிடித்தபடி நின்றான்.

"நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க மேடம்," என்றாள் மெரியல். "அவன் குடிகாரன்தான். காட்டுப் பறவை முட்டை திருடினான்னு ஒருதரம் உள்ள போனவன்தான். ஆனா கொலை பண்ண மாட்டான். எனக்கு அவனை விட்டா பொறந்த வீடுன்னு வேற யாரும் இல்ல."

செத்துப் போனவர் ஆம்ப்ரோஸ். பறவைகள் சரணாலயத்தின் நடைபாதை நெடுக முத்திரைப் பெட்டிகளை வைத்துப் பராமரித்து வந்தவர். சனிக்கிழமை ராத்திரி மதுக்கடையில், பூனைப்பருந்துக் கூட்டில் முட்டைகளைக் காணோம் என்று ஜெத்ரோவைக் குற்றம் சாட்டினார். "உன்னைச் சேத்துல அமுக்கிடுவேன்யா கிழவா," என்று அவன் ஊர் கேட்கக் கத்தினான். ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ரோஸ் பின்னந்தலையில் அடிபட்டு, நாணல் ஓடையின் சேற்றில் முகம் புதையக் கிடந்தார்.

"முதல்ல பாத்தது நீங்கதானே?" என்று ராய்ஸ்டனைக் கேட்டார் ஹில்டா.

"ஆமாம். கடைசிப் பெட்டியைத் தேடித்தான் போனேன். தூரத்துல இருந்தே அவர் கிடக்கிறது தெரிஞ்சுது. அப்படியே திரும்பி ஓடிட்டேன். பெட்டி கிட்டக்கூடப் போகல." ராய்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்ன கை மேடம் அவருக்கு! அந்தக் குருகு முத்திரை, கழுத்தைத் தூக்கி வானத்தைப் பாக்குமே, அப்படிச் செதுக்க இனிமே யார் இருக்கா?"

சமையலறையிலிருந்து டீயோடு வந்தார் டென்சில். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அடுத்த வீட்டுக்காரர். ஹில்டா எங்கே கிளம்பினாலும் பின்னாலேயே கிளம்பிவிடுவார். "என்ன இன்ஸ்பெக்டரம்மா, கேஸ் எடுத்தாச்சா?" என்றார், குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல்.

"டீயை வச்சுட்டுக் கோட்டை எடுங்க," என்றார் ஹில்டா.

போகும் வழியில் ஸ்டேஷனில் நின்றார்கள். ஹில்டாவிடம் வேலை பழகிய ஒருவர்தான் அங்கே அதிகாரி. ஆம்ப்ரோஸின் கோட்டுப் பையில் இருந்தவற்றை மேசைமேல் பரப்பிக் காட்டினார். அவற்றில் விளிம்பு உடைந்த ரப்பர் முத்திரை ஒன்று இருந்தது. உள்ளான் பறவை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடைபாதையைப் போலீஸ் அடைத்து வைத்திருந்தது. மூன்று நாள் மழை பலகைகளைக் கழுவித் துடைத்திருந்தது. ஓடைக் கரையில் டென்சில் மூச்சு வாங்க ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"டென்சில், பெட்டி மேல உட்கார்ந்துக்கிட்டுப் பெட்டியைத் தேடினா எப்படி?" என்றார் ஹில்டா.

டென்சில் துள்ளி எழுந்தார். "அட! சனிக்கிழமைதானே வந்தேன், எனக்கே தெரியலியே. அவ்வளவு நேர்த்தியா மூடியிருக்கு."

"நல்லாப் பாருங்க. பாசி மேல் பக்கம் இருக்கு. ஓரத்துல உதிர்ந்த இலை பரப்பியிருக்கு. போலீஸ்காரங்க ரெண்டு நாள் இதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்காங்க."

உடன் வந்த கான்ஸ்டபிள் கையுறை போட்டுக்கொண்டு கல்லைப் புரட்டினார். அடியில் மழை படாத உலர்ந்த குழி. பெட்டியின் மூடியில் ரத்தம் தெறித்துக் கறுத்துக் காய்ந்திருந்தது.

ஹில்டா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடி விழும்போது பெட்டி வெளியில இருந்திருக்கு. அப்புறம் யாரோ உள்ள வச்சு மூடியிருக்காங்க. செத்தவர் எழுந்து மூடியிருக்க முடியாது."

பெட்டிக்குள் முத்திரை மை துடைக்கப்பட்டு, துணியில் சுற்றியிருந்தது. டென்சில் குனிந்து பார்த்தார். "இது புதுசு! சனிக்கிழமை நான் பதிச்சது உள்ளான். இது குருகு."

திரும்பி நடக்கும்போது ஹில்டாவின் முகத்தில் வெற்றியின் சாயல் கொஞ்சமும் இல்லை.

அன்று மாலை அதே கூடத்தில் மெரியலும் ராய்ஸ்டனும் உட்கார்ந்திருந்தார்கள். கான்ஸ்டபிள் வாசலருகே நின்றார்.

"உங்க தம்பி இதைப் பண்ணல, மெரியல்," என்றார் ஹில்டா.

மெரியல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "தெரியும் மேடம். எனக்குத் தெரியும்."

"ஜெத்ரோவா இருந்தா பெட்டியை அப்படியே போட்டுட்டு ஓடியிருப்பான். இதை மூடினது விளையாடிப் பழகின கை. முத்திரையைத் துடைச்சு, துணியில சுத்தி, கல்லை வச்சு, இலையைப் பரப்பின கை."

"இந்த ஊர்ல பாதிப் பேர் விளையாடுறோம்," என்றான் ராய்ஸ்டன்.

"ஆனா அந்தக் குருகைப் பாத்தவர் ஒருத்தர்தான். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியில இருந்தது உள்ளான். ஞாயித்துக்கிழமை ஆம்ப்ரோஸ் அதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, குருகை வச்சார். அதுதான் அவர் செஞ்ச கடைசி வேலை. அப்புறம் பாதையை அடைச்சாச்சு. பெட்டி கிட்டக்கூடப் போகாத உங்களுக்கு அது கழுத்தைத் தூக்கினது எப்படித் தெரியும்?"

"அவர்... முன்னாடியே ஒருநாள் காட்டினார்."

"பெட்டிக்குள்ள போகாத முத்திரையைப் பெத்த பிள்ளைக்குக்கூடக் காட்ட மாட்டோம். உங்களுக்கும் தெரியும்."

ராய்ஸ்டன் தரையைப் பார்த்தான். "முட்டையை எடுத்தது ஜெத்ரோ இல்லைன்னு அவர் கண்டுபிடிச்சுட்டார்," என்றான். "அன்னிக்குக் காலையில என்னைக் கூட்டுப் பக்கத்துல பாத்தாராம். போலீஸ்ல சொல்லுவேன்னார். சொல்லிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி குனிஞ்சு முத்திரையை மாத்திக்கிட்டிருந்தார்."

"சரி, பெட்டியை ஏன் மூடினீங்க?"

"மழை வந்துது மேடம்," என்றான் அவன், இதுகூடத் தெரியாதா என்பது போல. "நனைஞ்சிடுமே."

"மனுஷன் நனையலாம்," என்றார் டென்சில்.

மெரியலின் அழுகை நின்றிருந்தது. "ஜெத்ரோவை முதல்ல உள்ள போட்டப்ப நம்ம கொட்டகையில முட்டை கிடைச்சதே," என்று மெல்லக் கேட்டாள். "அவன் இல்ல இல்லன்னு என் காலைப் பிடிச்சு அழுதானே. நான்தானே போலீஸ்ல சாட்சி சொன்னேன். அது உங்களுதா?"

ராய்ஸ்டன் அவள் கையைத் தொட வந்தான்.

மெரியல் கையை இழுத்துக்கொண்டாள். எழுந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டாள். கான்ஸ்டபிள் ஒதுங்கி வழிவிட, யாரையும் பார்க்காமல், மழைக்குள் இறங்கி நடந்தாள்.