ஆறாவது ஆடு

துப்பறிவாளர் சேவியர் திண்டுக்கல்லில் ஆட்களைத் தேடிக் கொடுப்பவர். ஆட்டுக்காக யாரும் அவரிடம் வந்ததில்லை. 2003 மார்கழியில் கால்நடை மருத்துவர் இசைவாணி வந்தாள்.

ஆட்டின் ரத்தம் குடிக்கும் குடற்புழுவின் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, அதில் விளைந்த புரதத்தைக் கொண்டு அவள் தடுப்பூசி செய்திருந்தாள். ரெட்டியார்சத்திரத்தில் சடையாண்டியின் பட்டியில் ஆறு ஆடுகளுக்குப் போட்டாள். ஐந்து நன்றாக இருந்தன. ஆறாவது, தாடை வீங்கிப் படுத்துவிட்டது, வயிறெல்லாம் புழு. அடுத்த வாரம், ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களின் குழு பார்வையிட வருகிறது. காரணம் சொல்லாவிட்டால் ஆராய்ச்சி நின்றுபோகும்.

தடுப்பூசி வந்தால் பிழைப்புப் போய்விடும் என்று புழுமருந்து விற்பவன்தான் ஊசி மருந்தை மாற்றியிருப்பான் என்றாள் சேவியரின் உதவியாளர் கமர்ஜஹான். சேவியர் ஒன்றுதான் கேட்டார்: காதில் எண் வில்லையை மாட்டியது யார்? கடைசி ஊசியன்று வில்லை மாட்டும் இடுக்கி உடைந்துவிட்டது, மறுநாள் சடையாண்டியே இரவல் இடுக்கி வாங்கி மாட்டினார் என்றாள் இசைவாணி.

பட்டியில் சேவியர் ஒவ்வொரு ஆடாகத் தடவிப் பார்த்தார். ஐந்து ஆடுகளின் கழுத்தில், ஊசிக்காக அவள் கத்தரித்த இடத்தில், முடி இன்னும் கட்டையாக இருந்தது. நோயாளி ஆட்டின் கழுத்தில் முடி ஒரே சீராக இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு கறுப்புக் கிடா கட்டிக் கிடந்தது. கழுத்தில் மஞ்சள் துணி. இரண்டு காதும் முழுசாக இருந்தன.

சேவியர் துணியை விலக்கினார். அங்கே முடி கட்டை.

"ஊசி போட்டது இதுக்கு. வில்லை ஏறினது அதுக்கு. ஏண்ணே?"

சடையாண்டி தலையைச் சொறிந்தார். "கருப்பசாமிக்கு நேர்ந்தது சார். காதுல ஓட்டை விழுந்தா ஊனம், சாமிக்கு ஆகாது. வில்லை மிச்சமானா டாக்டரம்மா வையும்னு பக்கத்துல நின்னதுக்கு மாட்டிட்டேன்."

"அப்ப மருந்து விக்கிறவன்?" என்றாள் கமர்ஜஹான்.

"பாவம், அவனை விட்ரு தாயி" என்றார் சேவியர்.

இசைவாணி கிடாவின் கீழிமையை விலக்கினாள். வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்திருந்தது; புழு ரத்தத்தைக் குடித்திருந்தால் வெளுத்திருக்கும். ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டாள். ஊசிக் குத்தெல்லாம் ஊனமில்லை என்றார் சடையாண்டி.

அந்த ரத்தத்தில் தடுப்பூசியின் எதிர்ப்புச் சக்தி இருந்தது. படுத்த ஆட்டின் ரத்தத்தில் இல்லை. குழு ஒப்புக்கொண்டது. பட்டி முழுவதற்கும் போடச் சொன்னது.

தை பிறந்ததும் இசைவாணி புது இடுக்கியோடு போனாள். சடையாண்டி முதல் ஆட்டைப் பிடித்து நிறுத்தினார். அவள் ஊசியை எடுக்கவில்லை.

"இதுல சாமிக்கு நேர்ந்தது எதெதுன்னு மொதல்ல சொல்லிருங்கண்ணே."