கன்னித் துணி

ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்குப் படப்பெட்டியோடு ஜீப் வந்து நின்றபோது அந்தி மணி அடித்துக்கொண்டிருந்தது. பனி வாசல்வரை ஏறியிருந்தது. ஜெர்மன்காரர்கள் எடுத்த பழைய ஊமைப்படமாம். வருங்காலத்தில் ஒரு விஞ்ஞானி இரும்பில் பெண் செய்கிற கதையாம். எல்லாவற்றையும் கொண்டுவந்த புண்ணியவான்கள் திரையை மட்டும் மறந்துவிட்டார்கள்.

கோயில் வேலை பார்க்கும் கிறிஸ்தோபருக்கு எதிலும் அவசரம். கல்யாணமாகாமல் இறந்தவர்களின் சவப்பெட்டிமேல் போர்த்தும் வெள்ளைக் கன்னித் துணியை எடுத்துச் சுவரில் கட்டினார். பூஞ்சண வாடை பரவியது.

மதலேனா பதறினாள். போன மாசிவரை அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மரிய கொறற்றி தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கிச் செத்தாள். கடைசியாக அந்தத் துணி மூடியது அவளைத்தான்.

"அத விரிச்சா ஒரு உசுர மூடாம மடிக்கக் கூடாதுங்களே!"

"துணிக்கு என்னம்மா தெரியும்? ஒக்காருங்க."

இளையவள் சவரியம்மாவை இழுத்து அணைத்தபடி அவள் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. சக்கரங்கள் சுழன்றன. பொறி பறந்தது. இரும்புப் பெண் மெல்லக் கண் திறந்தாள்.

அது கொறற்றியின் முகம்.

அவள் சவப்பெட்டியைச் சுமந்துபோனவர்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். சிலுவை போட்டுக்கொண்டார்கள். கிறிஸ்தோபர் ஓடிப்போய் படப்பெட்டியை நிறுத்தினார்.

முகம் மறையவில்லை.

இரும்புக் கை எழுந்து சவரியம்மாவைச் சுட்டியது.

"தங்கச்சிய விட்டுரு தாயி," மதலேனா கிசுகிசுத்தாள். "வேணும்னா நா வாறேன்."

திரை இருண்டது. ஜனங்கள் அலறியடித்து வெளியே ஓடினார்கள். மகளை வெளியே தள்ளிவிட்ட மதலேனா, உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

கதவை உடைத்தபோது பீடத்தின் முன் கிடந்தாள். துணி தலைமுதல் கால்வரை போர்த்தியிருந்தது. உயிர் இல்லை. பெற்ற வயிறு செய்யாததை வேறு எது செய்யும்?

அடக்கம் முடிந்ததும் கிறிஸ்தோபர் துணியை மடித்துப் பெட்டியில் பூட்டினார். மறுநாள் அந்தியில், அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சவரியம்மா கோயிலுக்குள் வந்தாள்.

படப்பெட்டி இல்லை. அதன் கடகட சத்தம் கேட்டது.

சுவரில் துணி விரிந்திருந்தது. அதில் மதலேனா, சவரியம்மாவுக்கு முதுகு காட்டி, இரண்டு கைகளையும் விரித்து மறித்து நின்றாள்.

அவள் தோளுக்கு மேலாகக் கொறற்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.