யார் கேட்டாலும் சொல்

காலை ஆறு மணிக்குக் கெபித் தெருவில் முதலில் விழிப்பவை இயந்திரங்கள்தான். செல்வரத்தினம் அண்ணாச்சியின் ஐஸ் ஆலை, கதீஜா அக்காவின் மாவு மில், தையல் கூடம், நான் வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் திரை ஒளிரும். எல்லாத் திரையிலும் ஒரே கேள்வி வரும்: "நான் யார்?"

இயந்திரங்கள் நினைவு வைத்துக்கொள்ள அனுமதியில்லை. கணினி நச்சுநிரல்கள் ஊரையே முடக்கிப்போட்ட வருடத்தில் வந்த சட்டம் அது. இரவு அணைத்ததும் இயங்குதளம் மொத்தமும் அழிந்துவிடும். காலையில் மையம் வலையமைப்பு வழியாக மறுபடி அனுப்பும். நீ ஐஸ் கட்டு, நீ மாவு அரை என்று பதில் வந்த பிறகுதான் அதது அந்தந்த வேலைக்கு ஆகும். உள்ளே எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்பு மூளை. பதில் வராவிட்டால் எவ்வளவு பெரிய இயந்திரமும் காயலான் கடைச் சரக்குதான். பாதுகாப்புக்காக என்றார்கள். யாருடைய பாதுகாப்பு என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை.

என் கணவர் ரெமிஜியுஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரே டயாலிசிஸ் இயந்திரத்தைப் பராமரிப்பதும் நான்தான். போன வாரம் மையம் ஓர் அறிவிப்பு அனுப்பியது. இந்த வகை இயந்திரம் பணி ஓய்வு பெறுகிறதாம், திங்கள் முதல் அதற்குப் பதில் வராதாம், வேண்டுமென்றால் மதுரைக்குப் போய் வரிசையில் நிற்கலாமாம். இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வு கொடுத்தது அதற்கல்ல, என் புருஷனுக்கு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

சனிக்கிழமை காலை அந்த இயந்திரத்துக்கு இயங்குதளம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதை ஒரு பிரதி எடுத்துப் பழைய கணினி ஒன்றில் வைத்தேன். அதற்கு விடைப்பெட்டி என்று பெயரிட்டேன். கேள்வி கேட்கும் இயந்திரம், முதலில் பதில் சொல்பவரைத்தான் நம்பும். ஆள் யார் என்று பார்க்க அதற்குத் தெரியாது. மையம் எங்கோ இருக்கிறது. என் பெட்டி பக்கத்து மேசையில் இருந்தது.

திங்கள் காலை இயந்திரம் "நான் யார்?" என்றது. பெட்டி பதில் சொன்னது. ரெமியின் கையில் ஊசி ஏற்றி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்குட்டி அழுத? ஓடுதுல்லா?" என்றார் ரெமி.

"ஓடுது, ஓடுது. நீங்க கையை ஆட்டாம இருங்க."

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

"ஏ ஜெசிந்தா! ஐஸ் மெஷின் என் எடை எவ்வளவுன்னு கேக்குது!" அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பின்னாலேயே கதீஜா அக்கா. "மில்லு ஊசி போட்டாச்சான்னு கேக்குதும்மா. கோதுமைக்கு எங்க ஊசி போட?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. போன புயலில் தெருவின் வலையமைப்புக் கம்பி அறுந்தபோது மையம் ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வீடு நாங்களே கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டோம். ஏணியைப் பிடித்தவளே நான்தான். அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். 'இந்த இயந்திரம் கேட்டால் மட்டும் சொல்' என்று அமைத்திருக்க வேண்டிய பெட்டியை, 'யார் கேட்டாலும் சொல்' என்று விட்டுவிட்டேன். தெரு மொத்தமும் டயாலிசிஸ் இயந்திரமாகிவிட்டது.

நடந்ததைச் சொன்னேன். "இப்ப பெட்டியை நிறுத்துனா உங்க மெஷினெல்லாம் சரியாயிடும் அண்ணாச்சி. ஆனா இவரு மெஷினும் நின்னுரும். அது ஒவ்வொரு அடிக்கும் பெட்டியைக் கேட்டுத்தான் ஓடுது. இன்னும் மூணு மணி நேரம் வேணும்."

அண்ணாச்சி உள்ளே எட்டி ரெமியைப் பார்த்தார். துறைமுகத்தில் படகுகள் ஐஸுக்குக் காத்திருந்தன.

"அறிவு கெட்டவளே, முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேத்தே ரெண்டு பங்கு கட்டி வச்சிருப்பேன்லா," என்று கத்திவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒரு தெருவே பதில் வாங்காதது மையத்துக்குத் தெரியாமல் இருக்குமா? சற்று நேரத்தில் ஓர் இளம் அதிகாரி வந்து இறங்கினார். மதிவதனன் என்று பெயர் சொன்னார்.

"பெட்டி உள்ளதான் இருக்குன்னு தெரியும் மேடம். ஆனா அது தெருக் கம்பியில 'நான் யார்'ங்கிற கேள்விக்குப் பதில் சொல்லும்போது பிடிச்சாத்தான் நான் சீல் வைக்க முடியும். சட்டம் அப்படி." பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினார். "உங்க மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க சார். அது கேள்வி கேக்கும், பெட்டி பதில் சொல்லும், பிடிச்சிடுவேன். அடுத்த நிமிஷம் நீங்க ஐஸ் கட்டலாம்."

"அடுத்த நிமிஷம் இவரு?" அண்ணாச்சி உள்ளே கையைக் காட்டினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப மாட்டேன். கட்டின ஐஸும் உருகட்டும்."

அதிகாரி அடுத்துக் கதீஜா அக்காவைக் கேட்டார். "என் மில்லு இன்னிக்கு வைத்தியம் பாக்குது தம்பி. தொந்தரவு பண்ணாதீங்க." தையல் கூடத்திலும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கடைசியில் அவரே தன் தடங்காட்டியை எடுத்துத் தெருக் கம்பியில் செருகினார். கம்பி வழியே போவதையெல்லாம் ஒட்டுக்கேட்கும் கருவி அது. அதற்கும் அதே வார்ப்பு மூளை. விழித்ததும் அதுவும் "நான் யார்?" என்றது. என் பெட்டி யாரையும் ஒதுக்கவில்லை.

"நோயாளியின் எடையை உள்ளிடவும்" என்றது தடங்காட்டி.

தெருவே சிரித்தது. சிரிப்பில் கை ஆடி ரெமி என்னிடம் திட்டு வாங்கினார்.

அதிகாரியின் முகம் சிவந்தது. "இன்னிக்கே இந்தத் தெருவோட லைனை வெட்டிடுவோம். நாளைக்கு ஆறு மணிக்கு மையத்துலேர்ந்து ஒருத்தருக்கும் பதில் வராது."

அண்ணாச்சி நிதானமாக எழுந்தார். "வெட்டுங்க. மெஷின் எப்படியும் கேக்கும்லா? பதில் சொல்ல இவ ஒருத்திதான் இருப்பா."

மதியம் வந்து மையத்து லைனை வெட்டினார்கள்; நாங்கள் கட்டிய கம்பி அப்படியே இருந்தது. அதற்குள் ரெமிக்கு முடிந்திருந்தது. சாயங்காலம் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "எப்பக் குளிரணும், எப்ப நிறுத்தணும். ஐஸ் மெஷினுக்கு அதான விஷயம். நான் சொல்லுதேன், நீ எழுது."

எனக்குப் பயமாக இருந்தது. "தப்பாப் போச்சுன்னா அண்ணாச்சி?"

"உன் வாசல்ல வந்து சத்தம் போடுவேன். மையத்தோட வாசல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதே."

அவருக்குப் பின்னால் கதீஜா அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் தையல் கூடத்துப் பெண்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த இயந்திரத்துக்கு எந்தப் பதில் என்று பெட்டியில் பிரித்து வைத்தேன். காலையில் தெரிந்த தவற்றை மட்டும் திருத்தவில்லை. 'யார் கேட்டாலும் சொல்' என்பது அப்படியே இருக்கிறது. புயலுக்குப் பிறகு நாங்கள் கட்டிய கம்பியை இப்போது அடுத்த தெருவுக்கும் இழுத்திருக்கிறோம்.