அப்பா வளர்த்த நிழல்

காலையில் பால் பொங்குவதற்குள் நான் உண்மை சொல்லி முடித்துவிட வேண்டும். எங்கள் தெருவில் பள்ளி தேடும் பெற்றோர் எல்லோருக்கும் அதே கதைதான். அரசு கொடுத்த உள்ளங்கை அளவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி, பிள்ளை நேற்று என்ன செய்தது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு மெய்யுரை என்று பெயர். காலை மெய்யுரை அம்மாவுக்கு, மாலை மெய்யுரை அப்பாவுக்கு. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது. கேட்டால் ஒத்து ஊதிவிடுவோமாம்.

"நேத்து வெயினி இட்லி மட்டுந்தான் தின்னா. சட்னி பட்டதும் தட்ட வீசிட்டா. பக்கத்து வீட்டுல அப்பளம் நொறுக்குற சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில போயிட்டா. சாயங்காலம் ஈர மண்ணுல காலப் பொதச்சுக்கிட்டு சந்தோசமா இருந்தா. ஒரு வார்த்த பேசல."

இவ்வளவுதான் என் மெய்யுரை. இளவெயினி என் மகள், ஏழு வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. என்னை அவள் இதுவரை அம்மா என்று கூப்பிட்டதில்லை. வேண்டியபோது வந்து சுண்டுவிரலைப் பிடித்து இழுப்பாள். எனக்கு அது போதும்.

இந்த மெய்யுரைகளைக் கேட்டுக் கேட்டுப் பெட்டிக்குள் வளரும் கணினிப் பிள்ளைதான் நிழற்பிள்ளை. பிள்ளைக்குப் பதிலாக அந்த நிழல்தான் பள்ளிகளின் திரைக்குள் போய்ச் சில வாரம் இருந்து பார்க்கும். என் அக்கா தன் மகனைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. போன இடமெல்லாம் இங்கே பார், பேரைச் சொல், கையைக் கட்டு என்று அவனைப் படுத்தி எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எந்தப் பள்ளியும் பிள்ளையை நேரில் வரவழைத்துச் சோதிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பிள்ளை இருக்கும் வீட்டில் கேமரா வைக்கவும் தடை. ஆகவே, முகத்துக்கு ஒரு புகைப்படம், குணத்துக்குப் பெற்றவர்களின் வாய்ச்சொல், இவற்றை மட்டும் வைத்துத்தான் நிழல் உருவாகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் புருஷன்மார்களை நம்பிப் போட்ட சட்டம்.

ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது மெல்லொலிப் பள்ளி. அங்கே மணி அடிப்பதில்லை. பிள்ளைகள் வேண்டுமானால் தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம். வாசலிலேயே ஈர மணல் பரப்பி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டே யாரோ கட்டியதுபோல இருந்தது. வெயினியின் நிழலை அங்கே அனுப்பினோம். நானும் என் கணவர் நாச்சிமுத்துவும் சேர்ந்துதான் அனுப்பினோம். இடம் கிடைக்காமல் போகும் என்று எனக்கு ஒரு துளிகூடச் சந்தேகம் இல்லை.

கிடைக்கவில்லை. 'இந்தப் பிள்ளைக்கு எங்கள் பள்ளி தேவைப்படாது' என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வெயினியை நாச்சிமுத்துவிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். தலைமை ஆசிரியை பிலோமினா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க பொண்ணு ரொம்ப நல்லா இருக்காம்மா. எல்லாரோடவும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறா, அவளே போயி பேசறா. இங்க இருக்கற இடம் கொஞ்சம். நெசமாவே தேவைப்படற கொழந்தைக்குத்தானே அதக் குடுக்கணும்?"

"யாருங்க பேசறா?"

"வெயினிதான். வேணும்னா பாருங்க."

சுவர் முழுக்கத் திரை ஒளிர்ந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அதே சுருட்டை முடி, இடது புருவத்தில் அதே தழும்பு. கையில் ஒரு அப்பளம். அதை நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பி என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அம்மா! சாப்டியாம்மா?"

ஒரு கணம் என் நெஞ்சு நிறைந்துபோனது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த கணமே எல்லாம் புரிந்தது. அப்பளச் சத்தத்துக்கே ஒளிகிறவள் என்று நான் சொல்ல, அவர் வேறு என்னவோ சொல்லியிருக்கிறார். நான் சொல்லாத ஒரு பெண்ணை, கதவைச் சாத்திக்கொண்டு, மாலை மாலையாக என் கணவர் வளர்த்திருக்கிறார்.

"இது என் பொண்ணு இல்லீங்க டீச்சர்," என்றேன்.

பிலோமினா டீச்சர் இப்படிப்பட்டதை முன்பும் பார்த்திருக்க வேண்டும். ஏன் எதற்கென்று கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒன்று வரும் என்று ஒருவர் சொன்னாலே நிழல் அதைக் கற்றுக்கொள்ளும், பொய் சொன்னவர் தன் குரலிலேயே தன் மெய்யுரையைத் திரும்பப் பெறலாம், அப்போது நிழல் மற்றவர் சொன்னபடிக்கு மாறிவிடும் என்றார். "வெள்ளிக்கிழமைக்குள்ள செய்யச் சொல்லுங்க. அதுவரைக்கும் இடத்த யாருக்கும் குடுக்க மாட்டோம்."

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டேன். "வெயினி அப்பளம் திங்கறாளாமே?"

நாச்சிமுத்துவின் முகம் வெளிறிவிட்டது. வெயினி அவர் காலடியில் உட்கார்ந்து குக்கர் வெயிட்டைத் தரையில் சுழலவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கோதை, நான் பொய் சொல்லோணும்னு சொல்லல. இன்னிக்கில்லாட்டியும் நாளைக்குச் செய்வான்னு…"

"நேத்து என்ன செஞ்சான்னுதானுங்க கேட்டாங்க? நாளைக்கு என்ன செய்வான்னா கேட்டாங்க?"

"சாயங்காலம் கதவச் சாத்திட்டு உக்காந்தா, இவ நெசமாவே வந்து எம்மடியில உக்காந்து பேசற மாதிரி இருக்கும். ஒரு நா அப்பான்னு கூப்புட்டான்னு சொன்னேன். மறுநா பெட்டிக்குள்ள இருந்து அப்பான்னு கூப்புட்டா. அதுக்கப்பறம் என்னால நிறுத்த முடியல."

"அந்தச் சந்தோசத்துக்கு இவ பள்ளிக்கூடத்தயே வித்துட்டீங்களே!"

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஏழு வருடமாக ஒரே பாயில் படுத்து, ஒரே கவலையைச் சுமக்கிறோம் என்று நினைத்திருந்தேன். நான் இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் அடுத்த அறையில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். அதுவும் என் மகளின் முகத்தோடு. வேறொருத்தியோடு போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வியாழக்கிழமை மாலை அவர் கதவைச் சாத்தாமல், என் முன்னால் உட்கார்ந்து, பெட்டியிடமிருந்து தன் மெய்யுரை எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார். "அவ என்னய அப்பான்னு கூப்புட்டதில்ல," என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அப்போது என் மனம் கொஞ்சம் இளகியது. பாவி மனுஷன், ஆசைப்பட்டுவிட்டான், போகட்டும் என்று நினைத்தேன். அன்று அவருக்குத் தட்டில் சோறு போட்டு நானே எடுத்துக் கொடுத்தேன்.

நிழல் மாறியது. மறு வாரமே இடம் கிடைத்தது.

முதல் நாள் மூவரும் தானோட்டிக் காரில் போனோம். நாச்சிமுத்து இறங்கவில்லை, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வெயினி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். ஈர மணலைக் கண்டதும் விரலை விட்டாள். செருப்பைக் கழற்றிக் காலைப் புதைத்தாள், கண்ணை மூடினாள். உள்ளிருந்து ஒரு ஆசிரியை வந்து பக்கத்தில் தானும் காலைப் புதைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் என் மகள் அவர் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் உள்ளே போனார்கள்.

என்னைத் தவிர இந்த உலகில் யார் விரலையும் அவள் அப்படிப் பிடித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு உடனே ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர் செய்ததெல்லாம் மறந்துபோய்க் காரை நோக்கி ஓடினேன்.

கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. நாச்சிமுத்து காதில் ஒலிமணியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா எங்கயும் போகமாட்டேன் சாமி. உன்னயத் தனியா எடுத்து வெச்சுருக்கேன், யாரும் உன்னய அழிக்க முடியாது. சொல்லு, இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுன?"

பெட்டிக்கு முன்னால் அழுவதற்கு முன்பே நகல் எடுத்து வைத்திருக்கிறார். அழுகையும் எனக்காக இல்லை, வெயினிக்காகவும் இல்லை. நான் சோறு போட்டுக் கொடுத்த தட்டை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

கதவைத் தட்டவில்லை. திரும்பி நடந்து பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். வகுப்பு முடிய நேரமாகும், வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று காவலாளி சொன்னார். பரவாயில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். என் மகள் வெளியே வரும்போது அவளுக்காகக் காத்திருக்க ஒருத்தியாவது வேண்டும்.