விறகுக் கடைச் சுவர்

"விறகு வேணுமெண்டா உள்ளுக்கு வாங்கோ. இல்லாட்டி வாசலை விடுங்கோ!"

யூட் என்ற சிறிய சரக்கு வண்டியின் ஜன்னல் வழியாக லக்சிகா கத்தினாள். மழையில் நனைந்தபடி வாசலை மறித்து நின்றவன் திரும்பினான். அந்தக் கண்கள்... மழை பெய்வதையே மறந்த கண்கள். அவளுடைய கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியைக் கவனமாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஸாரிங்க. சுவரைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன்."

ஃபுட்ஸ்க்ரே என்ற புறநகரில் அவள் அப்பா விக்னராஜா நடத்தும் விறகுக் கடையின் செங்கல் சுவர் அது. தொடர்மழையில் வெள்ளைப் பூச்சு உரிந்து, கீழே பழைய எழுத்துகள் தெரிந்தன. 'ஹெர்மன் லோட்ஸ். விறகு, நிலக்கரி. 1874.' ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து, குதிரை வண்டியில் வீடு வீடாக விறகும் கரியும் கொடுத்தவர் என்றான் அவன்.

"நாங்களும் வந்த ஆக்கள்தான். குதிரைக்குப் பதிலா யூட்."

"குதிரை இவ்வளவு கத்தாதுங்க."

சிரித்துவிட்டாள்.

அவன் பெயர் சித்தார்த். கோயம்புத்தூர்க்காரன். நகரக் கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் காக்கும் பிரிவில் வேலை. அதைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது. அந்தச் சுவரை இடிக்கத்தான் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தார்கள். அப்பா வாங்கிய புது லொறி இந்த வாசலில் நுழையாது. லொறி ஓடாவிட்டால் இந்தக் குளிர்கால வியாபாரமே இல்லை.

"இடிக்க விடுவீங்களோ, மாட்டீங்களோ?"

"பார்த்துத்தான் சொல்லணும்."

பார்க்கக் கேமராவோடு மறுபடியும் மறுபடியும் வந்தான். சுவரைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தான். அவள் கவனிக்காததுபோல் மரக்கட்டைகளை அடுக்கினாள்... நெற்றியில் விழுந்த முடியை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை, கேமரா இல்லாமல் வந்து நின்றான்.

"உங்க ஃபைலை இனி வேற ஆபீஸர் பார்ப்பாங்க. நாளைக்கு வருவாங்க."

"ஏன்? நீங்க எண்டால் எங்கட பக்கம் நிப்பீங்களெண்டு நினைச்சனே..."

"நின்னிருப்பேன். அதுதான் பிரச்சினை." அவன் தரையைப் பார்த்தான். "மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். அந்தக் கடையில ஒரு பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு, நியாயமா முடிவு சொல்ல என்னால முடியாதுன்னு."

"எனக்குச் சொல்ல முதல் மேனேஜருக்கோ?"

"ரூல்ஸ் அப்படிங்க..."

கோபப்படத்தான் நினைத்தாள். சுவர் என்னவாகும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு கையெழுத்தைப் போட்டு அவளிடம் நல்ல பெயர் வாங்க அவன் பார்க்கவில்லை... அது அவளுக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பிள்ளை, ஆரது? கவுன்சில் ஆளோ?"

"இல்லையப்பா. கவுன்சில் ஆள் நாளைக்குத்தான் வரும்."

"அப்ப இவர்?"

அவள் சித்தார்த்தின் கண்களைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"இவர்... என்னைப் பாக்க வந்தவர்."